உங்கள் தம்பி சோகமாக இல்லை

பிப்ரவரி 11, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் நாலாவது வாக்கியத்திலேயே குரலை உயர்த்திவிடுகிறோம். போன வாரம் பாதியில் வைத்தது நீங்கள். அதற்கு முந்தைய முறை வைத்தது நான். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "என் தம்பி இருக்கற இடம் கலகலன்னு இருக்கும். அவன் வாயடைச்சுப் போயிருக்கான்னா வீட்டுல ஏதோ சரியில்லன்னுதான் அர்த்தம்." வீடு என்றால் நான். அது எனக்குப் புரியாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பாப்பா மாடிப்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். உங்கள் தம்பி மேஜையில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தார். எழுந்தார். அப்பாடா என்று நினைத்தேன். கீழே கிடந்த பெண்ணைத் தாண்டிப் போய், அலமாரியிலிருந்து இன்னொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவள் தும்மினாலே தெர்மாமீட்டரைத் தேடுகிற மனிதர் அக்கா! நாங்கள் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கதவைத் திறந்து அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஜாம் தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வந்தியா?"

வேலையிலும் இப்படித்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு முதல் பாடமே, திறந்த கதவுக்கு முன்னால் தடுப்பு வைக்காமல் நகரக் கூடாது என்பதுதானே. நாலாவது மாடியில் கதவைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். கீழே வெறும் குழி. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் கடைசி நேரத்தில் பார்த்து நின்றிருக்கிறாள். கம்பெனியில் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே தூறல் போடுகிறது என்பதைப் போல அதை வந்து சொன்னார்.

நீங்கள் மனச்சோர்வு என்கிறீர்கள். அன்பாக இரு என்கிறீர்கள். அக்கா, உங்கள் தம்பி சோகமாக இல்லை. படுத்த உடனே தூங்குகிறார். இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். ஒரே பாட்டின் ஒரே வரியை நாள் முழுக்க முனகுகிறார். இந்த வீட்டில் சோகமாக இருப்பது வேறு ஆட்கள்.

எனக்கென்னவோ அவருக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. வேறு யாரோ இருக்கிறாளோ என்றும் தோன்றுகிறது. எழுதவே கை கூசுகிறது.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி
(இந்தப் பெயரை வைத்தவர் இப்போது என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.)


பிப்ரவரி 26, 2013

தம்பி மனைவிக்கு,

பாப்பாவின் கை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது.

நான் சொன்னது உன்னைக் காயப்படுத்தியிருந்தால், அது என் பேச்சின் தோஷம். ஆனால் என் கவலை தவறில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. அவனுக்குத் தலை துவட்டியதும் நான், கணக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். அவன் எப்படிச் சிரிப்பான் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வேறொருத்தி என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லாமல், உன் கண்ணாடிக் கடைக்கு மூன்று முறை கண் பரிசோதனைக்கு வந்து, மூன்றாவது முறை வேண்டுமென்றே எழுத்துகளைத் தப்பாகப் படித்தவன் அவன். அப்படிப்பட்டவனுக்கு வேறொருத்தியைத் தேடத் துப்பு கிடையாது.

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே மனநல ஆராய்ச்சிக் கூடத்தில் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுவதே இல்லை. மாத்திரைக்கு மசியாதவர்கள் அவர்கள். நாற்காலியில் சாய்த்து, தலைக்குப் பக்கத்தில் ஒரு காந்தச் சுருளை வைக்கிறோம். அது மரங்கொத்தி மாதிரி டக் டக் என்று தட்டும். மூளையில் சோம்பிக் கிடக்கிற இடத்தை எழுப்பப் பார்க்கிறோம். பல வாரம் கழித்து ஒருவர், "ஜன்னலத் திறக்கலாமா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொள்வோம். பல பேர் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவும் அம்பத்தைந்து வயதில் இப்படித்தான் கல்லாகிப் போனார். அம்மாவை நினைத்து ஏங்குகிறார் என்றார்கள். திமிர் என்றும் சொன்னார்கள். வைத்தியம் மட்டும் யாரும் பார்க்கவில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அவரால்தான். தம்பியையும் அப்படி விட்டுவிடாதே. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. அவன் வரமாட்டேன் என்றால் நான் சொன்னதாகச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 19, 2013

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னதாகச் சொல்லவே தேவையில்லை. "வாங்க" என்றேன், செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அப்போதுதான் முதல் முறையாகப் பயந்தேன்.

மாத்திரை கொடுத்தார்கள். இனிப்பு மேல் இருந்த வெறி கொஞ்சம் குறைந்தது. மற்றதெல்லாம் மோசமாகத்தான் போயிற்று. பக்கத்துத் தெருவில் அவருடைய பழைய மேஸ்திரி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன இடத்தில், மேஸ்திரி மனைவியின் முகத்துக்கு நேராக, "மூக்கு ரொம்ப செவந்திருக்கு உங்களுக்கு" என்று சொல்லிச் சிரித்தார். அந்த அம்மாளின் மகன்தான் எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டான். 'விட்டான்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன்.

மருத்துவர் சின்னப் பெண். நாலைந்து முறை பார்த்த பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு இது டிப்ரஷன் மாதிரி தெரியலைங்க. அவர் வருத்தப்படறாரான்னு கேட்டா, வருத்தம்னா என்னன்னு யோசிக்கற மாதிரி பாக்கறார். ஸ்கேன் எடுத்துடலாம்."

எடுத்தோம். நரம்பு மருத்துவர் படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டிக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி சுருங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும். காய்ந்த வாதுமைப் பருப்பு மாதிரி இருந்தது. "மனுஷனோட குணம், இரக்கம், கூச்சம் இதெல்லாம் இருக்கற இடம்மா இது. ஞாபகம் இருக்கும். மத்தவங்க வலி உறைக்காது" என்றார். மறதி நோய்க் குடும்பத்தைச் சேர்ந்ததாம். இவர் மறக்கவில்லை. யார் யாருக்கு என்ன என்பது அவருக்குள்ளிருந்து உதிர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, நீங்களும் தப்பு, நானும் தப்பு. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வேறொருத்தி இருந்திருக்கக் கூடாதா என்று. அப்படியானால் சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். என்றாவது திரும்பி வருவார் என்று காத்திருந்திருப்பேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேஜை மேலிருந்த நாட்காட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் ஆராய்ச்சி செய்கிற ஆள். மருந்து என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கண்ணாடிக்காரி


செப்டம்பர் 15, 2013

கண்ணாடிக்காரிக்கு,

படங்களைக் கேட்டு வாங்கினேன். எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் இந்த நோயையே பார்க்கிற ஒருவர் இருக்கிறார். யாருடையது என்று சொல்லாமல் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்றார். நான் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டேன். லிஃப்டில் ஏறத் தோன்றவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மருந்து இல்லை. சில தொந்தரவுகளை அடக்கலாம். நோயை நிறுத்த முடியாது. என்னுடைய காந்தத்தாலும் முடியாது. தூங்குகிற இடத்தைத் தட்டி எழுப்பலாம். இல்லாமல் போன இடத்தை என்ன செய்ய? மூளைச் செல்லுக்குள் ஒரு புரதம் சிக்குப் பிடித்துத் திரள்கிறது, செல் மடிகிறது. ஏன் சிக்குப் பிடிக்கிறது என்பதற்கே ஆயிரம் பேர் ஆயிரம் ஆய்வு நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மனச்சோர்வு என்று அவசரப்பட்டேன். நிறையப் பேருக்கு முதலில் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள். அந்த நிறையப் பேரில் நானும் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. அப்பா. நான் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் வந்தபோது, அதை வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தவர் அவர். அன்றைக்கு அவரை மனதிலிருந்து இறக்கி வைத்தேன். அவர் இறந்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவரும் ஏங்கவில்லை, திமிரும் இல்லை.

அப்பாவுக்கும் இதுதான் என்றால், இது ரத்தத்தில் வருகிற வகையாக இருக்கலாம். அப்படியானால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பியின் ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். நீ சம்மதித்தால் நானே ஏற்பாடு செய்கிறேன். யோசித்துப் பார்.

அக்கா


அக்டோபர் 2, 2013

அக்கா,

யோசித்துவிட்டேன். மாட்டேன்.

பாதிக்குப் பாதி என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! அந்தப் பாதி என் வீட்டில் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. பதினாலு வயதுப் பெண்ணைப் பார்க்கிற போதெல்லாம் இவளா, இவளில்லையா என்று நான் பார்க்க வேண்டுமா?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். புரதம் இருக்கிறது, செல் இருக்கிறது. "அவன் எப்படி இருக்கான், என்னைக் கேக்கறானா" என்று ஒரு வரி இல்லை. உங்களுக்கு அவர் தம்பியா, சாம்பிளா? ரத்தம் வந்தால் போதுமா?

அவரைப் பார்க்க வராதவர்களுக்கு அவர் ரத்தம் எதற்கு?


ஜனவரி 20, 2014

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

பத்திரமாக ஊர் திரும்பிவிட்டேன். உன் கடிதம் இல்லையென்றால் உங்களைப் பார்க்க வந்திருக்க மாட்டேன். வராததற்குச் சொன்ன காரணமெல்லாம் சாக்கு. பயம்தான்.

கதவைத் திறந்ததும் "ஏன் இவ்ளோ குண்டாயிட்டீங்க?" என்றான். நீ பதறிப் போனாய். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. சின்ன வயதிலும் அப்படிக் கேட்கிற பிள்ளைதான் அவன். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், கோபமா என்று. இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சாக்லேட் டப்பா காலி.

உன்னிடம் சொல்லாத ஒன்று. இரண்டாம் நாள் அவனோடு நடக்கப் போனேன் அல்லவா. அந்த அலுவலகக் கட்டிடத்து லிஃப்டில் ஏறினான். நானும் ஏறினேன். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "ரோலர் தேஞ்சிருக்கு. எண்ணெ வைக்காம விட்டுட்டானுங்க" என்றான். குரல் பழைய குரல். எனக்கு அடக்க முடியவில்லை. கதறி அழுதேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பஸ்சுக்குக் காத்திருக்கிறவர்கள் எதிர்ப்பக்கம் போகிற வண்டியைப் பார்ப்பார்களே, அப்படி. கதவு திறந்ததும் இறங்கிப் போய்விட்டான்.

நீ இதோடு தினமும் இருக்கிறாய். வெளியூரிலிருந்து தீர்ப்புச் சொல்வது சுலபம் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆனால் திரும்பி வரும்போது என் மனதில் அவன் இல்லை, நீதான் இருந்தாய். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாய். பாப்பா மூடினாலும் தெரியவில்லை. ஆடை தொளதொளவென்று தொங்குகிறது. கேலியாக ஒன்று சொன்னால் உடனே திருப்பிக் கொடுக்கிறவள், "ம்" என்கிறாய். யாரிடமாவது காட்டு. தயவுசெய்து.

அக்கா


பிப்ரவரி 8, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். முதலில் உங்கள் தம்பிக்கு மனச்சோர்வு. அது இல்லையென்று ஆனதும் இப்போது எனக்கா? வீட்டில் யாருக்காவது அதைக் கட்டிவைக்காமல் விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

உயிரோடு இருக்கிற புருஷனைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்? இது நோய் இல்லை அக்கா. நியாயம்.

கண்ணாடிக்காரி


மே 27, 2014

அக்கா,

வேலைக்குப் போய் நாளாகிறது. இன்று பாப்பா எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் கேட்கவில்லை.

நேற்று லாரி ஒன்று வேகமாக வந்தது. நகரணும் என்று தோன்றவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். திட்டினார்கள். பயமாகக்கூட இல்லை.

உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.


ஜூன் 30, 2014

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

அந்தக் கடிதம் கையில் கிடைத்த கணமே போன் செய்தேன். நீ எடுத்தாய், பேசாமல் கேட்டாய், மறுநாள் அந்தச் சின்ன மருத்துவரிடம் போனாய். இந்த ஜென்மத்தில் உனக்கு நான் பட்ட கடன் அது.

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று பாப்பா சொன்னாள். நாக்கு உலர்கிறது, அவ்வளவுதான் என்றாயாம். இந்த மருந்தின் வழக்கமே அப்படித்தான். முதலில் தொந்தரவு வரும், பலன் மெதுவாகப் பின்னால் வரும். நிறுத்திவிடாதே.

நீ நியாயம் என்று எழுதியிருந்தாய். அதை நான் மறுக்கவில்லை. துக்கம் நியாயம்தான். ஆனால் நியாயமான துக்கமும் நாள்பட்டால் மூளைக்குள் வேலையைக் காட்டும். தூக்கத்தைத் தின்னும், பசியைத் தின்னும், லாரிக்கு விலகுகிற புத்தியைத் தின்னும். மூளையின் சில பகுதிகள் சிறுத்துப் போவதைக்கூட நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம். தம்பிக்குப் போனது போனதுதான். உன்னுடையது திரும்பி வரக்கூடியது. இத்தனை வருட வேலையில் நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய நல்ல சேதி ஒன்று உண்டென்றால் இதுதான்.

மாத்திரை உன் துக்கத்தை எடுத்துவிடாது. அதைச் சுமக்கிற இடுப்புக்குப் பலம் கொடுக்கும்.

அக்கா


நவம்பர் 9, 2014

அன்புள்ள அக்காவுக்கு,

கடைக்குத் திரும்பிவிட்டேன். நேற்று ஒரு தாத்தா வந்தார். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றினேன். "எல்லாம் தெளிவாத்தாம்மா இருக்கு. நீதான் கொஞ்சம் சிரிச்சா நல்லாருக்கும்" என்றார். சிரித்தேன். சிரித்த பிறகு, அட, நாமா சிரித்தோம் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிறேன்.

பகலில் உங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருகிறாள். கெட்டிக்காரி. அவரிடம் எதையும் "வேண்டாம்" என்று சொல்வதே இல்லை. "அப்புறம்" என்கிறாள். அவரும் கேட்டுக்கொள்கிறார்.

மாட்டேன் என்றவள் நான்தான். தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது; அவருடைய ரத்தத்தைக் கொடுத்துவிட்டோம். முடிவும் வந்துவிட்டது. நீங்கள் நினைத்ததுதான், அப்பா வழி. மறைக்கலாம் என்றிருந்தேன். பாப்பாதான் கேட்டாள். "தாத்தாவுக்கும் இருந்துச்சுன்னா எனக்கும் வருமாம்மா?" யாரும் சொல்லித் தரவில்லை, தானே கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "வரலாம். வராமலும் போகலாம்" என்றேன். "சரி. இப்ப அப்பாவுக்கு நகம் வெட்டணும்" என்று நகவெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண்ணாடிக்காரி


மார்ச் 13, 2016

அன்புள்ள அக்காவுக்கு,

பேச்சு முழுசாக நின்றுவிட்டது. முனகிக்கொண்டிருந்த அந்த ஒரு வரிகூட இல்லை. எவ்வளவு எரிச்சலோடு கேட்டிருக்கிறேன் அதை! விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் போன பிறகு, அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். கேட்டவருக்கே நாக்கு குழறியது. நீங்கள் கேட்பீர்கள் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை.

சம்மதித்துவிட்டேன். உங்களுக்காக இல்லை, அறிவியலுக்காகவும் இல்லை. இந்த ஊரில் எங்கேயோ இன்னொருத்தி, புருஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துத் தலையணையை நனைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சீக்கிரம் தெரிய வேண்டும்.

வந்துவிடுங்கள். இந்த முறை தள்ளிப் போடாதீர்கள்.

கண்ணாடிக்காரி


டிசம்பர் 4, 2016

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

எல்லாம் முடிந்து திரும்பி வந்தும் என் காதில் அந்த அறையின் சத்தம்தான். ஆக்சிஜன் சத்தம். அது நின்றபோது நீ எழுந்து போர்வையைச் சரிசெய்தாய். குளிரும் என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியின் அறிக்கை வந்தது. உனக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னாய். நெற்றிப் பகுதியும் பொட்டுப் பகுதியின் முன்பக்கமும் மிகவும் சுருங்கியிருந்தன. மூளையைச் சாயம் போட்டுப் பார்ப்போம். எந்தச் செல் இருக்கிறது, எது மடிந்தது, எந்தப் புரதம் திரண்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாயம். பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். எதிர்பார்த்த புரதம்தான். எதிர்பார்த்த இடங்கள்தான். சந்தேகமே இல்லை. அவன் வேண்டுமென்று செய்தது ஒன்றுகூட இல்லை.

கடைசி இரவு தாழ்வாரத்தில் நீ என்னைக் கேட்டாயே, "அவருக்குள்ள எங்க மேல பாசம் கொஞ்சமாவது மிச்சம் இருந்துச்சாக்கா?" என்று. அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அதற்கு எங்களிடம் சாயம் இல்லை. இருந்தது என்று எழுதிவிட ஆசைதான். உன்னிடம் பொய் எழுதக் கூடாது என்று இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் உடம்பில் ஒரு படுக்கைப் புண் இல்லை. நர்ஸ் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் எப்படியோ, இந்தப் பக்கம் பாசம் இருந்ததற்கு அது சாட்சி.

அக்கா


செப்டம்பர் 17, 2017

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தேன், பேனாவை மாற்றினேன், எழுந்து போய் டீ போட்டேன். டீ ஆறிவிட்டது.

என் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டேன். இத்தனை நாள் தள்ளிப் போட்டது கோழைத்தனம். நோயாளிகளின் தலையில் கருவியை வைக்கிறவள், தன் புத்தியை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? இருக்கிறது. தம்பிக்கு இருந்த அதே மரபணு மாற்றம் எனக்கும் இருக்கிறது.

எனக்கு அறுபத்திரண்டு வயது. இதுவரை ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு எழுபதில் வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. புதிதாக ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள். நோய் வருவதற்கு முன்பே கொடுத்துப் பார்க்கிற ஆய்வு. பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பயன்படும் என்று நம்பவில்லை. பாப்பா காலத்துக்குப் பயன்படலாம்.

வேலையை விட்டுவிட்டேன். அழுகை வரவில்லை. வராதது எதனால் என்று உடனே பயந்தேன். இனி என் ஒவ்வொரு நடத்தையையும் இப்படித்தான் சந்தேகப்படுவேன் போலிருக்கிறது.

உன்னிடம் ஒரு உதவி. இந்த நோய் வருகிறவருக்கு அது வந்தது தெரியாது. எனக்கும் தெரியாது. இங்கே எனக்குச் சக ஊழியர்கள் இருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாரும் இல்லை. நீ சொல்ல வேண்டும். அவனிடம் முதலில் கண்டவள் நீதான். நான் நம்ப மாட்டேன். உன்னைத்தான் குற்றம் சொல்வேன். கேவலமாகப் பேசினாலும் பேசுவேன். அப்போதும் சொல்.

பாப்பாவுக்கு இதை எப்போது சொல்வது என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன்.

அக்கா


அக்டோபர் 3, 2017

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு இரண்டு பேருக்குக் கண் பரிசோதித்தேன். இரண்டு பேருக்கும் பவர் தப்பாக எழுதி, மறுநாள் வரச் சொல்லித் திருத்தினேன்.

பாப்பாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பதினெட்டு முடிந்துவிட்டது அவளுக்கு, கேட்டால் சோதிப்பார்கள். ஆலோசகரிடம் கூட்டிப் போனேன். உள்ளே ரொம்ப நேரம் பேசினாள். வெளியே வந்து, "இப்ப வேணாம்மா. எனக்கு வேணும்னு தோணும்போது நானே வரேன். அது வரைக்கும் என்னை அப்படிப் பாக்காத" என்றாள். எப்படிப் பார்த்தேன் என்று கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில். சொல்வேன். முகத்துக்கு நேரே சொல்வேன். நீங்கள் கத்தினாலும் சொல்வேன். நீங்கள் என்னைக் கேவலமாகப் பேசினால், பேசுவது நீங்கள் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கும். அவர் விஷயத்தில் அது தெரிவதற்குள் ஒரு வருடம் அவரை வெறுத்துவிட்டேன் அக்கா. உங்களை ஒரு நாள்கூட வெறுக்க வேண்டியிருக்காது.

ஆனால் அவ்வளவு தூரத்தில் இருப்பவரை நான் எப்படிக் கவனிப்பது? கடிதத்தில் தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டு நான் நின்றது எந்தக் கடிதத்தில் தெரிந்தது? நீங்கள் வந்து பார்த்தீர்கள், தெரிந்தது. அதனால் இங்கே வந்துவிடுங்கள். ஒன்றும் வராவிட்டால் இரண்டு கிழவிகளும் சண்டை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவோம். வந்தால், எனக்கு அந்த வேலை தெரியும். கெட்டியாக்கிய தண்ணீரை எந்தப் பக்கம் சாய்த்துக் கொடுக்க வேண்டும் என்பது வரைக்கும் தெரியும். இதை எழுதும்போது அழுகிறேன். அதற்காக வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பாப்பா நேற்றே பின்னறையை ஒழித்துவிட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறாள். காலையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்றேன். "அதை அத்தை வந்து சொல்லட்டும்" என்கிறாள்.

வந்து சொல்லுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்காரி